பகிர்வதா, பரவுவதா?

புரோப்பேன் வாயுவில் ஓடும் ஜெனரேட்டர் பற்றி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த குறிப்பு ஒன்றைப் போன வாரம் திருத்தக் கொடுத்தார்கள். முதல் பத்தியிலேயே 'விநியோகிக்கப்பட்ட மின் உற்பத்தி'. படித்ததும் ரேஷன் கடை வரிசைதான் கண்முன் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டட் ஜெனரேஷன் என்பதை இப்படி எழுதுவதை எத்தனை முறைதான் பார்ப்பது!

'டிஸ்ட்ரிபியூட்' என்பதன் லத்தீன் வேருக்குப் 'பிரித்துக் கொடு' என்பதுதான் பொருள், சரி. ஆனால் மின்துறையில் அது குறிப்பது வேறு: ஒரே பெரிய நிலையத்தில் ஆக்கித் தொலைதூரம் கம்பியில் அனுப்பாமல், தேவைப்படும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்கிக்கொள்வது. கலிஃபோர்னியாவில் காற்று பலமாக அடித்தால், கம்பியால் காட்டுத்தீ பிடித்துவிடுமோ என்று மின் நிறுவனங்களே இணைப்பைத் துண்டிக்கின்றன; 2019 அக்டோபரில் லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தன. அங்கே மலைப்பக்கத்து வீடுகள் சிலவற்றின் கொல்லையில் 500 கேலன் புரோப்பேன் தொட்டி (80 விழுக்காடுதான் நிரப்புவார்கள், வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டுமே), பக்கத்தில் ஜெனரேட்டர். புரோப்பேன் டீசல்போல நாள்பட்டுக் கெடாது. இதில் யார் யாருக்கு எதை விநியோகித்தார்கள்?

'பகிர்மான மின்னுற்பத்தி' இன்னும் மோசம். மின்வாரியத்தில் உற்பத்தி, தொடரமைப்பு, பகிர்மானம் மூன்றும் தனித்தனி வேலை. துணைமின் நிலையத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை கொண்டுவருவது பகிர்மானம். அதைத் தூக்கி உற்பத்திக்கு முன்னால் ஒட்டினால் லைன்மேனே குழம்புவார். பகிர்வது மின்சாரத்தை, இங்கே பரவிக் கிடப்பதோ உற்பத்தி. 'அதிகாரப் பரவல்' என்று மேடைக்கு மேடை சொல்கிற வாய்க்குப் 'பரவல் மின்னுற்பத்தி' மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? 'மின்னாக்கம்' என்றால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி, ஆனால் பொருள் தெளிவாக இருக்கும்வரை 'உற்பத்தி'யோடு எனக்குச் சண்டை இல்லை.

அதே குறிப்பில் ஆஃப்-கிரிட் என்பது 'கட்டத்திற்கு வெளியே' ஆகியிருந்தது. என்ன கட்டம், ஜாதகக் கட்டமா? கிரிட் என்பது நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலை; அதற்கு மின்தொகுப்பு என்ற சொல் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதே, 'மின்தொகுப்பு சாராத' என்றால் போயிற்று. பரவல் மின்னுற்பத்தியும் மின்தொகுப்பு சாராததும் ஒன்றல்ல என்பதும் மொழிபெயர்த்தவருக்குப் பிடிபடவில்லை: அந்தக் கலிஃபோர்னியா வீட்டுக்குக் கம்பி இணைப்பு உண்டு, கம்பியே எட்டாத மலையுச்சியில் புரோப்பேனில் ஓடும் செல்போன் கோபுரம்தான் தொகுப்பு சாராதது. புரோப்பேனை 'எரிவாயு' ஆக்காமல் விட்டார்களே, அந்த மட்டும் நல்லது. நம் அடுப்பு சிலிண்டரில் அதோடு பியூட்டேனும் கலந்திருக்கிறது.

திருத்தி அனுப்பினேன். 'பரவல்' என்றால் நோய்ப் பரவல் மாதிரி இருக்கிறதாம், பழைய சொல்லையே போட்டுவிட்டார்கள்.