கணக்கு நேர்காணல் வாய்மொழித் தேர்வு அன்று

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் "கணக்கே வரவில்லை" என்று இந்த வாரமும் என்னிடம் அழைத்து வந்தார்கள். தனியாக உட்காரவைத்து நேர்காணல் செய்ததாகவும், பத்துக்கு மூன்றுதான் தேறியதாகவும் உடன் வந்த ஆசிரியை சொன்னார். வாயால் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது நேர்காணல் அன்று என்பதை இன்னும் எத்தனை முறை சொல்வது? கணக்கு நேர்காணல் என்பது, குழந்தை கணக்கை எப்படிச் செய்கிறது என்று அதனிடமே பேசி அறிவது; நாம் அறிய வேண்டியது விடையை மட்டுமல்ல, அந்த விடைக்குக் குழந்தை எந்த வழியில் வந்தது என்பதையும்தான்.

பதினாறு புளியங்கொட்டைகளை அவள்முன் வைத்தேன். பிசகாமல் எண்ணி, 16 என்று எழுதினாள். அதிலுள்ள 6-ஐத் தொட்டு, இதற்குரிய கொட்டைகளைக் காட்டச் சொன்னதும் ஆறை ஒதுக்கினாள். 1-ஐத் தொட்டபோது ஒரே ஒரு கொட்டையை எடுத்து வைத்தாள். மிஞ்சிக் கிடந்த ஒன்பதும் அவளை உறுத்தவே இல்லை. இதைப் பார்த்த பிறகு, 52-இலிருந்து 38-ஐக் கழித்து அவள் 26 என்று எழுதியிருந்ததைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. எட்டில் இரண்டு போக ஆறு, ஐந்தில் மூன்று போக இரண்டு. ஒவ்வோர் இலக்கத்தையும் தனி எண்ணாகக் காண்பவளுக்கு அது ஒழுங்கான கணக்கே. அவளுக்கு வேண்டியவை மேலும் நூறு கழித்தல் கணக்குகள் அல்ல, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள்.

என்னை மிகவும் வருத்துவது, சரியான விடைக்குக் கேள்வி தேவையில்லை என்ற எண்ணம். தவறும்போது மட்டும் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியே தவறுக்கு அடையாளம் என்று குழந்தை புரிந்துகொண்டு உடனே விடையை மாற்றிவிடும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே தம் சோதனையில், இரண்டு வரிசைகளிலும் வில்லைகள் சமமாக உள்ளனவா என்ற ஒரே கேள்வியை, ஒரு வரிசையைக் கலைப்பதற்கு முன்னும் பின்னும் கேட்டார். 1974-இல் ரோஸ், பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் கலைத்த பின்பு ஒருமுறை மட்டும் கேட்டபோது, குழந்தைகளின் தவறுகள் குறைந்தன. ஆகவே சரியோ தவறோ, எல்லா விடைக்கும் ஒரே குரலில் வழியைக் கேளுங்கள்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள்; விரலும் உதடும் அசைவதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், கற்பிக்காதீர்கள். அதற்கு நாளை இருக்கிறது. பெற்றோர் பக்கத்தில் வேண்டாம். குழந்தை வீட்டில் பேசும் தமிழிலேயே கேளுங்கள். களைத்துவிட்டால் நிறுத்துங்கள்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வியே. நாளுக்கு ஒரு குழந்தை, பத்து நிமிடம் போதும். தமிழ்நாட்டு அரசின் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரு குழந்தையை அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் ஒன்றில் நிலைப்படுத்துவதற்கு முன்பாவது அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். "இவளுக்கு வராது" என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள்.