டபுள்ஸ் ஸ்பெஷலிஸ்ட்

நம் ஊரில் டபுள்ஸ் என்றால் முதலில் சைக்கிள்தான். கேரியரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு மற்றவர் மூச்சு வாங்க மிதிப்பது. பக்கத்துக்கு இருவர் ஆடும் டென்னிஸ் டபுள்ஸில் அப்படிச் சும்மா உட்கார்ந்து வர முடியாது.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'டூப்ளுஸ்'. முன்பாதி இரண்டு, பின்பாதி மடிப்பு என்ற பொருளுள்ள வேர். நம் 'இருமடங்கு' என்பதிலும் ஒரு மடிப்பு ஒளிந்திருக்கிறது, பாருங்கள். டச்சுக்காரர்கள் 'டுபெல்ஸ்பெல்' என்பார்கள், அதாவது இரட்டை ஆட்டம். அவர்கள் ஆட்டத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். நம் பத்திரிகைகளோ ஆட்களைப் பார்த்து 'இரட்டையர்' என்று வைத்தன. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இரட்டைப் புலவர் கதை தெரியுமல்லவா? நடக்க முடியாதவர் வழி சொல்ல, பார்வையில்லாதவர் அவரைத் தோளில் சுமந்து நடந்தார். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார்.

சரி, ஸ்பெஷலிஸ்ட்? 'ஸ்பீசீஸ்', அதாவது வகை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு வகையை மட்டும் பிடித்துக்கொண்டவர். ஆஸ்பத்திரியில் 'சிறப்பு மருத்துவர்' என்கிறோம். ஆனால் 'இரட்டையர் சிறப்பு வீரர்' என்றால் சிறப்பு விருந்தினர் போலக் கேட்கிறது. 'நிபுணர்' என்றால் ஆலோசனை சொல்ல வந்தவர் போல இருக்கிறது. 'இரட்டையர் ஆட்டக்காரர்' போதும் என்பேன். பால்காரர், பூக்காரர் மாதிரி, அதுதான் அவர் பிழைப்பு என்பதை 'காரர்' சொல்லிவிடுகிறதே.

எல்லா டபுள்ஸ் வெற்றியாளரும் இதில் சேர மாட்டார்கள். நெதர்லாந்தின் பால் ஹார்ஹைஸ், யாக்கோ எல்டிங் ஜோடி டென்னிஸின் பெரிய போட்டிகளான நான்கு கிராண்ட்ஸ்லாமையும் வென்றது. ஆனால் இருவருமே ஒற்றையரிலும் முதல் 20க்குள் வந்தவர்கள். அதே நாட்டு வெஸ்லி கோல்ஹோஃப் வேறு வகை. 1989இல் ஸேவனாரில் பிறந்தவர், ஒற்றையரில் பேர் வாங்கவில்லை. ஒற்றையருக்கான 27 அடி அகல ஆடுகளத்தை இரு பக்கமும் நாலரை அடி கூட்டி 36 அடி ஆக்கினால்தான் அவர் ஆள். வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டுவதும், பந்து வருமுன்பே குறுக்கே பாய்வதும் அங்கேதான்.

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணம் படித்திருப்போம். இந்த ஆட்டக்காரர்கள் அப்படியில்லை, பிரித்தாலும் பொருள் தருவார்கள். கோல்ஹோஃப் 2020இல் குரோஷியாவின் நிகோலா மெக்டிச்சுடன், ஆண்டின் முன்னணி ஜோடிகள் மட்டும் மோதும் ஏடிபி பைனல்ஸை வென்றார். அப்புறம் பிரிட்டனின் நீல் ஸ்குப்ஸ்கியுடன் சேர்ந்தார். 2022 நவம்பரில் உலகின் முதலிடம், 2023இல் விம்பிள்டன். அங்கே இறுதியில் தோற்றவர்களில் ஒருவர் ஸ்பெயினின் மார்செல் கிரனோயர்ஸ்.

2024 நவம்பர், ஸ்பெயினின் மலாகா நகரம், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் காலிறுதி. நெதர்லாந்தும் ஸ்பெயினும் ஒற்றையரில் ஆளுக்கொன்று வென்றிருந்தன. முடிவு டபுள்ஸில். எதிரே அல்காரஸ், கூடவே அதே கிரனோயர்ஸ். இந்தப் பக்கம் கோல்ஹோஃபும் போடிக் வான் டி ஸாண்ட்ஸ்குல்பும். இரண்டு செட்டும் டைபிரேக்கர், இரண்டும் நெதர்லாந்துக்கு. ஸ்பெயின் வெளியேற, அந்த அணியில் இருந்த நடாலின் ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அந்தப் பருவத்தோடு விடைபெறுவதாக கோல்ஹோஃபும் முன்பே சொல்லியிருந்தார். அரையிறுதியும் இறுதியும் ஒற்றையரிலேயே தீர்ந்துபோக, அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்.