தெரியாது என்று சொல்லத் தெரியாத கருவி

"சார், போன்ல தண்ணி அறுபத்திரண்டு பர்சென்ட்னு காட்டுது. நான் டேங்கு மேலயே ஏறி நிக்கிறேங்க. அடிக்கல்லு தெரியுது."

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டம். சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதம், மாலை 4.40 மணிக்கு அங்கிருந்து மேஸ்திரி அண்ணன் போன் செய்து சொன்னது இது. அன்று பறித்த பழமெல்லாம் தோலுரிக்கும் பல்ப்பர் எந்திரத்தின் பக்கத்தில் குவிந்து கிடந்தது. காபிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்துவிட வேண்டும். குவியலாக ஒரு ராத்திரி கிடந்தால் உள்ளே சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும். தோலுரிக்கத் தண்ணீர் வேண்டும். தொட்டியிலோ ஒரு சொட்டு இல்லை.

அந்தத் தொட்டிக்கு, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கண்ட்ரோலர் செய்து கொடுத்தவன் நான். அதில் ஓடும் புரோகிராமும் நான் எழுதியதுதான். அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில் ஏறிப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அதற்குள் அவர்கள் மோட்டாரைக் கையாலேயே போட்டிருந்தார்கள். தொட்டி பாதி நிறைந்து, பழத்தை முழுதும் உரித்து முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அத்தனை பேரும் அந்தக் குளிரில் விழித்திருந்தார்கள்.

அமைப்பு எளிமையானது. ஓடைக்கரையில் மோட்டார் ரூம், மேட்டில் தொட்டி, அதில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார். இரண்டுக்கும் நடுவே சில்வர் ஓக் மரங்களைப் பிடித்துக்கொண்டு போகும் 400 மீட்டர் டேட்டா கேபிள் (ஆர்எஸ்-485 வகை). மோட்டார் ரூமில் லினக்ஸில் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, அதில் தனித்தனியாக ஓடும் மூன்று புரோகிராம்கள், அதாவது பிராசஸ்கள். முதலாவது 2 விநாடிக்கு ஒரு முறை மோட்பஸ் என்ற கருவிகளுக்கான பேச்சுமுறை வழியாகச் சென்சாரைக் கேட்டு, வந்த அளவை மூன்றுக்கும் பொதுவான ஷேர்டு மெமரியில் எழுதும். இரண்டாவது அதைப் படித்து, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டாரைப் போடும், 95 வந்தால் நிறுத்தும். மூன்றாவது நிமிடத்துக்கு ஒரு முறை 4ஜி மோடம் வழியாக அந்த எண்ணைப் போனுக்கு அனுப்பும்.

மோட்டார் ரூமில் லேப்டாப்பைச் செருகி, நடந்ததையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். காலை 11.40 வரை ஒழுங்கான வரிகள். அதன்பின் ஒரே வரி, கீழே கீழே, போன் வந்த நேரம் வரைக்குமே ஏறத்தாழ 9,000 முறை: பிழை எண் 110. லினக்ஸில் அதற்குப் பொருள் 'டைம்அவுட்', கேட்ட நேரத்துக்குள் பதில் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், காற்றில் முறிந்து விழுந்த ஒரு கிளை கேபிளை அறுத்துப் போட்டிருந்தது.

கேபிள் அறுவதை யாராலும் தடுக்க முடியாது, அது மலை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு விஷயம். கீழ்மட்டம், அதாவது சென்சாரோடு பேசும் பகுதி, பொய் சொல்லவில்லை. 110, 110 என்று ஐந்து மணி நேரம் கத்தியிருக்கிறது. முதல் பிராசஸில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பதில் வந்தால் மெமரியில் எழுது, வராவிட்டால் லாக்கில் ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த முறை கேள். அதனால் மெமரியில் 11.40 மணியின் 62 அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பிராசஸ் படித்தது, 62 என்பது 30ஐவிட அதிகம், மோட்டார் தேவையில்லை என்று முடிவெடுத்தது. மூன்றாவது அதே 62ஐ 300 முறை ஒழுங்காக அனுப்பியது. தனித்தனியாகச் சோதித்தால் மூன்றும் பாஸ் ஆகும். நானும் அப்படித்தான் சோதித்திருந்தேன்.

நம் துறையில் பிழைகளுக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்கிறார்கள். கிராஷ் ஆன கருவியை யாரும் நம்பப் போவதில்லை, ரீஸ்டார்ட் செய்வார்கள், நம்மைக் கூப்பிடுவார்கள். பழைய எண்ணைப் புதிய எண்போலக் காட்டிக்கொண்டு ஓடும் கருவியைத்தான் மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது அதற்கு.

பழைய தொழிற்சாலைக் கருவிகளைச் செய்தவர்கள் இதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். சென்சார் தன் அளவை ஒயரில் மின்னோட்டமாக அனுப்பும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னலைப் பாருங்கள். காலித் தொட்டிக்கு 4, நிறைந்த தொட்டிக்கு 20. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும். 'காலி'யும் 'அறுந்தது'ம் ஒன்றுபோலத் தெரியக் கூடாது என்பதற்காகவே அடியில் அந்த 4 மில்லிஆம்பியரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் டிஜிட்டலுக்கு வந்ததும் இந்த ஒழுக்கத்தைக் கைவிட்டுவிட்டோம்.

இன்னொரு உதாரணம் சேலம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றில் பார்த்தது. உலர்த்தும் பகுதியின் வெப்பநிலை அவ்வப்போது சரியாக 85 டிகிரிக்குத் தாவி மீண்டது. அங்கிருந்த டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சாரில், கரண்ட் வந்ததும் அளவை வைத்திருக்கும் ரெஜிஸ்டரில் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரி. ஒயர் இணைப்பு தளர்ந்து சென்சார் ஒரு கணம் அணைந்து எழுந்தால், புதிதாக அளப்பதற்குள் படித்தவருக்கு அந்த 85தான் கிடைக்கும். குளிர்பதனக் கிடங்கில் 85 வந்தால் குழந்தைகூடச் சந்தேகப்படும். உலர்த்தும் இடத்தில் அது நம்பும்படியான எண். சென்சாரைப் படிக்கும் புரோகிராமை (டிரைவர்) எழுதுபவர், தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டின் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும்.

சரி, நான் என்ன மாற்றினேன்?

ஷேர்டு மெமரியில் இப்போது வெறும் எண் இருப்பதில்லை. எண், அளந்த நேரம், நிலை என்று மூன்றும் சேர்ந்தே எழுதப்படும், சேர்ந்தே படிக்கப்படும். எழுதும்போது பாதியில் யாரும் படித்துவிடாதபடி மியூடெக்ஸ் பூட்டு. அளந்து 10 விநாடி தாண்டிவிட்டால் அந்த எண்ணை யாரும் தொடக் கூடாது. இந்த 10 விநாடியைக் கணக்கிடச் சுவர்க் கடிகார நேரத்தை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். கடிகாரத்தை ஓட்டும் ஆர்டிசி பேட்டரி தீர்ந்த போர்டு 1970ஆம் ஆண்டில் கண்விழிக்கும், நெட்வொர்க் கிடைத்ததும் ஒரே தாவலில் இன்றைக்கு வரும். முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கிளாக் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பூட்டிலும் ஒரு கண்ணி உண்டு. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பிராசஸ் இறந்துபோனால் மற்றவை காலத்துக்கும் காத்திருக்கும். அதனால் பிராசஸ்களுக்கு இடையே, வைத்திருந்தவன் இறந்ததை அடுத்தவனுக்குச் சொல்லும் ரோபஸ்ட் வகை மியூடெக்ஸ் வேண்டும். முன்னுரிமையையும் மறக்கக் கூடாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்குக் காரணம், வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமை வேலை பிடித்திருந்த ஒரு பூட்டு. உயர்ந்த முன்னுரிமை வேலை அதற்காகக் காத்திருந்தபோது, நடுத்தர வேலைகள் உள்ளே புகுந்து பூட்டு வைத்திருந்தவனை ஓடவிடாமல் செய்தன. பூட்டு வைத்திருப்பவனுக்கு, காத்திருப்பவனின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்ற அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். ஏற்காட்டுக்காவது நான் வண்டியில் போய்விடலாம்.

அங்கே ரீசெட் செய்தது, வேலை நேரத்துக்கு முடியாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவைக்கும் ஒரு காவல் ஏற்பாடு. நம் போர்டுகளிலும் வாட்ச்டாக் என்று அப்படி ஒன்று இருக்கிறது, அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்யும். ஆனால் பலர் அதற்குத் தனியாக ஒரு டைமர் வைத்துத் தட்டிக்கொடுக்கிறார்கள். பிராசஸ் மூன்றும் செத்தாலும் டைமர் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். மூன்றும் 'வேலை முடிந்தது' என்று கையெழுத்திட்ட பிறகே வாட்ச்டாக்கைத் தட்ட வேண்டும்.

நெட்வொர்க் பக்கமும் இதே கதைதான். பனிமூட்டமும் மலை மடிப்புமாக இருக்கும் இடத்தில் சிக்னல் சொல்லிக்கொள்ளாமல் போகும். நெட்வொர்க்கில் இரு முனைகள் பேசிக்கொள்ளும் டிசிபி இணைப்பு அப்படி அறுந்தது மறுமுனைக்குத் தெரியாது. 'இருக்கிறாயா' என்று மறுமுனையை விசாரிக்கும் கீப்அலைவை இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரிப்பே போகும். கருவிகள் புரோக்கர் என்ற நடுச் சர்வர் வழியாகச் செய்தி அனுப்பும் எம்க்யூடிடி முறையில் 'லாஸ்ட் வில்' வசதி இருக்கிறது. கருவி குறித்த நேரத்துக்குள் பேசாவிட்டால், அது முன்கூட்டியே எழுதிவைத்த செய்தியை, கேட்கப் பதிந்திருக்கும் எல்லோருக்கும் புரோக்கர் அனுப்பும். அதை ஒவ்வொரு கருவியிலும் போடுங்கள். 'ரிட்டெய்ன்' வசதியில் மட்டும் கவனம் தேவை. அது கடைசிச் செய்தியைச் சேமித்து, புதிதாக ஆப்பைத் திறப்பவருக்கு இப்போதுதான் வந்ததுபோல நீட்டும். ஆகவே அனுப்பும் செய்திக்குள்ளேயே அளந்த நேரம் இருக்க வேண்டும். போன் திரையிலும் அது எண்ணுக்கு அருகில், கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சும்: தெரியாதபோது மோட்டார் என்ன செய்ய வேண்டும்? போடாமல் விட்டால், அன்று நடக்கவிருந்ததுபோலப் பழம் வீணாகலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டால் ஓடைக்குழி வற்றி மோட்டார் கருகலாம். இதை எஞ்சினியர் மட்டும் தன் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. மேஸ்திரி அண்ணனைக் கேட்டேன். "நிறுத்திட்டு சத்தம் போடச் சொல்லுங்க சார். மீதியை நாங்க பாத்துக்குறோம்" என்றார். ஒரு சைரன் மாட்டினோம்.

கருவி வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன், எஞ்சினியரை நிற்க வைத்துக்கொண்டே சென்சார் ஒயரைப் பிடுங்குங்கள். பிறகு மோடத்தின் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். போனில் எண் மாறாமல் நிற்கிறதா, 'தெரியவில்லை' என்று வருகிறதா என்று பாருங்கள். நல்ல எஞ்சினியர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ஒவ்வோர் ஆண்டும் பறிப்பு தொடங்குமுன் மேஸ்திரி அண்ணனே இதைச் செய்கிறார். போன அக்டோபரில் நான் சூரமங்கலத்தில் வேலையாக இருந்தபோது அழைப்பு வந்தது. பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"ஒயரைக் கழட்டிட்டேங்க சார். எட்டு எண்ணுறதுக்குள்ள கத்திருச்சு. மாட்டிடட்டுங்களா?"