பெரிய செயின்சா எப்போது வேண்டும்?

சின்னக் கட்டைகளைச் சரசரவென்று அறுத்துத் தள்ளிய அதே செயின்சா, அடிமரத்துக்கு வந்ததும் திணற ஆரம்பிக்கும். இன்ஜின் சத்தம் இறங்கும், சங்கிலி இழுத்து இழுத்து ஓடும், நாம் இன்னும் கொஞ்சம் அழுத்துவோம், அது நின்றே போகும். அந்த நிமிஷத்தில் எல்லோர் மனசிலும் வருவது ஒரே யோசனைதான்: இதைவிடப் பவர் கூடின மிஷின் ஒன்று வாங்கிவிடலாம்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 40 சிசி மிஷின் வைத்திருந்தேன். மரம் அறுப்பதையே தொழிலாகச் செய்யும் ஓர் அண்ணனிடம் 70 சிசியில் எது நல்லது என்று கேட்டேன். அவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கட்டைக்குக் கீழே கொட்டிக் கிடந்த தூளை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது மாவு. சீவலா விழணும்" என்றார். அப்புறம் சங்கிலியை வெயிலுக்குக் காட்டினார். ஒவ்வொரு பல்லின் வெட்டு விளிம்பிலும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, மழுங்கி உருண்டுபோன விளிம்புதான் மின்னும். உருண்டை அரத்தை எடுத்துப் பல்லுக்கு மூன்று இழுப்பு வீதம் தீட்டி முடித்தார். அதே மிஷின், அதே கட்டை. இந்த முறை நான் அழுத்தவே இல்லை, தன் எடையிலேயே இறங்கியது.

அவர் தீட்டியதால் என் மிஷினின் பவர் ஒரு வாட் கூடக் கூடவில்லை. அப்படியானால் என்ன மாறியது? இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய மிஷின் தேடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சங்கிலி சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகட்டைப் பார் என்பார்கள். 3/8 அங்குல சங்கிலியில், பாரின் பள்ளத்துக்கு உள்ளே ஓடும் ஓட்டுக்கண்ணிகள் சுமார் 19 மில்லிமீட்டருக்கு ஒன்று இருக்கும் (3/8 என்பது அந்த இடைவெளியில் பாதி). சங்கிலியை இழுக்கும் ஏழு பல் சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், ஒரு சுற்றுச் சுற்றினால் சங்கிலி 133 மில்லிமீட்டர் நகரும். இன்ஜின் நிமிஷத்துக்கு 9,000 சுற்று ஓடினால், வினாடிக்கு 150 சுற்று, அதாவது சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர்! இரண்டு ஓட்டுக்கண்ணிக்கு ஒரு வெட்டும் பல் என்று வைத்தால், மரத்தின் ஒரே இடத்தை வினாடிக்கு 500 பற்களுக்கு மேல் கடந்து போகின்றன.

இப்போது பவர். பள்ளியில் படித்ததுதான், திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கியது. 40 சிசி மிஷின் ஏறக்குறைய 2 கிலோவாட் தரும். 2,000 வாட்டை 20 மீட்டரால் வகுத்தால் 100 நியூட்டன். அதாவது அத்தனை சத்தம் போடும் அந்த மிஷின் சங்கிலியை இழுக்கும் மொத்த விசை, 10 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை அளவுதான். 30 சென்டிமீட்டர் கட்டையின் நடுவில் அறுக்கும்போது ஏழெட்டுப் பற்கள் ஒரே சமயத்தில் மரத்துக்குள் இருக்கும். ஒரு பல்லின் பங்குக்கு வருவது ஒன்றேகால் கிலோ. அந்த ஒன்றேகால் கிலோவை வைத்துக்கொண்டுதான் அந்தப் பல் மரநாரை அறுத்து, அடியிலிருந்து பெயர்த்து, வெளியே தள்ளியாக வேண்டும். கூரான பல்லுக்கு அது போதும். மழுங்கிய பல் நாரை அறுக்காமல் நசுக்கித் தேய்க்கிறது, கிடைத்த விசை சூடாகவும் மாவாகவும் போய்விடுகிறது.

பல்லின் வடிவத்தையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இதில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். ஒரு பல்லைக் கையில் எடுத்தால் அது ஒரே துண்டில் இரண்டு கருவி. பக்கவாட்டு விளிம்பு கத்தி மாதிரி நாரைக் குறுக்கே வெட்டும். மேல் விளிம்பு உளி மாதிரி வெட்டுப்பட்ட நாரைச் சீவி எடுக்கும். அதற்கு முன்னால் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அந்த மேடுதான். அது பல்லின் நுனியைவிட வழக்கமாக 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும், சீவலின் தடிமன் அதற்குள்தான் அடங்கும். பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், மேடு மட்டும் அப்படியே நிற்கும். எவ்வளவு கூராகத் தீட்டினாலும் அறுக்கவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், தட்டை அரத்தை எடுத்து அந்த மேட்டைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். அளவோடு இறக்க வேண்டும். அதிகமாக இறக்கினால் பல் மரத்தை வெறியோடு கவ்வும், இன்ஜின் திணறும், மிஷின் கையை உலுக்கும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு அடிக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைக் குடைவதைப் பார்த்தார். அந்தக் காலத்துச் சங்கிலிகள் மரத்தைக் கீறிக் கீறியே அறுத்தன, அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. புழுவோ நாருக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அதன் தாடைகள் ஆங்கில 'C' வடிவில் வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவின. அதையே இரும்பில் செய்தார் காக்ஸ், அடுத்த வருஷம் அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று இருப்பது அந்தப் புழுவின் தாடைக் கணக்குதான்.

சரி, சங்கிலி கூராக இருக்கிறது, மேடு அளவாக இருக்கிறது, பாருக்கு எண்ணெய் ஒழுங்காகப் போகிறது, ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது, அப்படியும் மிஷின் திணறுகிறது. அப்போதுதான் பெரிய மிஷின் பற்றிப் பேச வேண்டும். காரணம் கட்டையின் பருமன். 20 சென்டிமீட்டர் கட்டையின் வெட்டுமுகம் 314 சதுர சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் கட்டைக்கு அது 1,257. பருமன் இரண்டு மடங்கு ஆனால் வேலை நான்கு மடங்கு. அதோடு விடவில்லை, மரத்துக்குள் ஒரே சமயத்தில் இருக்கும் பற்களும் இரண்டு மடங்கு ஆகின்றன, 20 சென்டிமீட்டர் கட்டையில் பல்லுக்கு இரண்டு கிலோ வந்த இடத்தில் இங்கே ஒரு கிலோதான் வரும். சீவலும் வெளியே வர அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும், வழியில் அடைத்துக்கொள்ளும். வைரம் பாய்ந்து காய்ந்த கட்டை என்றால் கேட்கவே வேண்டாம். பச்சை மரத்தின் நாரில் ஈரம் இருப்பதால் அது இளக்கமாக அறுபடும், நன்றாகக் காய்ந்த கெட்டி மரம் பல்லையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

இங்கே இன்ஜினின் குணமும் சேர்ந்துகொள்கிறது. செயின்சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிந்து தள்ளும், அதனால்தான் அவ்வளவு சின்ன எடையில் அவ்வளவு பவர். ஆனால் அந்தப் பவர் எல்லா வேகத்திலும் கிடைக்காது. மரத்தில் வைக்காமல் முழுதாக முடுக்கினால் 13,000 சுற்று வரை பறக்கும், முழுப் பவர் கிடைப்பது 9,000, 10,000 பக்கம். நாம் அழுத்த அழுத்த சுற்று இறங்கும், 6,000-க்குக் கீழே போனால் பவர் சரிந்துவிடும், அப்போது இன்னும் அழுத்துவது முழுக்க முழுக்கத் தவறு. இன்னும் கீழே போனால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், சூடேறி டிரம் நீலம் பாயும். பெரிய இன்ஜினின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. சங்கிலி வேகம் பெரிதாகக் கூடுவதில்லை, அதுவும் அதே 20 மீட்டர் பக்கம்தான் ஓடும். சுமை ஏறும்போது அந்த வேகத்தைக் கீழே விடாமல் பிடித்து வைக்கும் இழுவைதான் கூடுகிறது. 4 கிலோவாட் மிஷின் அதே வேகத்தில் 20 கிலோ விசையோடு இழுக்கும், 40 சென்டிமீட்டர் கட்டையிலும் பல்லுக்குப் பழைய விசை கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? சிசியை மட்டும் பார்க்காதீர்கள், கிலோவாட்டைப் பாருங்கள். ஒரே 50 சிசியில் வீட்டு உபயோக மிஷின் 2.3 கிலோவாட் தரும், தொழில்முறை மிஷின் 3 வரை போகும். குதிரைத்திறனில் போட்டிருந்தால் 1.34-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது எடை. 50 சிசி மிஷின், பாரும் சங்கிலியும் இல்லாமல், 5 கிலோ பக்கம் இருக்கும். 70 சிசிக்கு மேலே போனால் 6, 7 கிலோ. கடைசியில் பாரும் சங்கிலியும் எரிபொருளும் எண்ணெயும் சேர்ந்தால் 8 கிலோவைத் தாண்டும். அரை மணி நேரம் குனிந்து நின்று விறகு துண்டு போடும்போது அந்த ஒவ்வொரு கிலோவும் இடுப்பில் தெரியும். களைத்த கையில் செயின்சா இருப்பதைவிட ஆபத்து வேறில்லை.

என் கருத்தைச் சொன்னால், அறுப்பதில் முக்கால்வாசி 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டை என்றால் 40 முதல் 45 சிசி தாராளம். 40, 45 சென்டிமீட்டர் வரை அடிக்கடி வருகிறது என்றால் 50 முதல் 60 சிசி, அதிலும் 3 கிலோவாட்டுக்கு அருகில் தரும் மிஷின், விறகுக்கு இதுதான் நல்ல இடம். அதற்கு மேல் நாள் முழுக்க பெரிய அடிமரம் என்றால் மட்டும் 70. வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெரிய கட்டைக்காக வருஷம் முழுக்க கனமான மிஷினைச் சுமக்க வேண்டியதில்லை, பாரின் நீளத்தைவிடப் பருமனான கட்டையையும் இரண்டு பக்கமிருந்து அறுக்கலாம்.

பலரும் செய்யும் தவறு ஒன்று, இருக்கிற சின்ன மிஷினில் நீளமான பார் மாட்டுவது. நீளம் கூடினால் சங்கிலியின் எடையும் உராய்வும் கூடும், மரத்துக்குள் இருக்கும் பல்லும் கூடும், பவர் மட்டும் அதேதான். நேர்மாறாகச் செய்வது நன்றாக வேலை செய்யும்: திணறும் 40 சிசி மிஷினில் 16 அங்குல பாரை எடுத்துவிட்டு 14 போடுங்கள். மெலிந்த அறுப்புச் சங்கிலி கிடைத்தால் இன்னும் நல்லது. முழு அளவு 3/8 சங்கிலி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்குகிறது, மெலிந்தது 6 சொச்சம். கால்வாசி வேலை அப்படியே மிச்சம்.

பேட்டரி மிஷின் பற்றியும் கேட்பார்கள். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவை தரும் என்பதால் சின்னக் கட்டைக்கு அருமையாக இருக்கும். பிரச்சினை சேமிப்பில்தான். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180 வாட்-மணி, 2 கிலோவாட் முழுச் சுமையில் ஐந்தரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். பெட்ரோல் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி இருக்கிறது, இன்ஜின் அதில் கால்வாசியைக் கூடப் பயன்படுத்தாவிட்டாலும் அது எங்கேயோ இருக்கிறது. ஒயர் வைத்த கரண்ட் மிஷினில் போட்டிருக்கும் 2,000 வாட், மிஷின் வாங்கும் கரண்ட். சங்கிலிக்கு வந்து சேருவது அதைவிடக் குறைவு.

பவர் கூடினால் கூடவே வருவது உதைப்பு. பார் நுனியின் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால், அங்கே பல் அறுக்க வழியில்லாமல் கவ்விக்கொள்ளும், சங்கிலியின் வேகம் முழுக்க மிஷினைச் சுழற்றி உங்கள் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும், கண் இமைக்கும் நேரம் கூட ஆகாது. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்புதான் சங்கிலியின் பிரேக், அது வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்கட்டும். அறுக்கும்போது போடும் பாதுகாப்புக் கால்சட்டைக்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டால் அந்த இழைகள் உருவி ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிச் சங்கிலியை நிறுத்தும். பவர் கூடக்கூட, நிறுத்துவதும் கடினம். கால்சட்டைகளுக்குச் சங்கிலி வேகத்தின்படி தரம் பிரித்திருப்பார்கள், மிஷினை மாற்றும்போது அதையும் பார்த்து வாங்குங்கள்.

புது மிஷின் வந்ததும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து (பெரும்பாலான மிஷின்களுக்கு இதுதான் அளவு, கையேட்டில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்) தரையில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம் சூடானதும் பிரேக்கை விடுவித்து, ஆக்சிலேட்டரில் கை வைக்காமல் சங்கிலியைப் பாருங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் ஐட்லிங் கூடுதலாக இருக்கிறது, அந்த ஸ்குரூவைத் திருப்பி இறக்கி, சங்கிலி நின்ற பிறகுதான் முதல் கட்டைக்குப் போக வேண்டும்.