பார்ட்னர்: என்ன பிசினஸ்?

சித்திரையில் பெங்களூர் அல்சூரில் ஒரு காதுகுத்து. எங்கள் எதிர்வீட்டு அம்மா, தன் சின்ன மகனுக்குப் பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "இவரு நம்ம சின்னவனோட பார்ட்னர்" என்று நாத்தனாருக்கு அறிமுகம் செய்தார். வேலூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் காபியை ஆற்றியபடி, "அப்படியா, ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேரும் என்ன பிசினஸ் பண்றாங்க?" என்றார்.

"குடும்பம் பண்றாங்க, அண்ணி."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "தம்பி சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். எந்தத் தம்பி என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். பையனும் பார்ட்னரும் வாங்கியிருக்கும் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. பத்திரிகையின் தமிழை நான் பார்த்துத் தர வேண்டும். "பார்ட்னருக்குத் தமிழ்ல என்னப்பா போடுறது? மறுபடி யாரும் பிசினஸான்னு கேக்கக் கூடாது."

கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. அந்த வீட்டில் பார்ட்னர்கள் மொத்தம் மூன்று வகை. சின்னவன் துடுப்புப் படகுப் போட்டிக்காரன். படகில் அவனோடு உட்காரும் பையனும் அவனுக்குப் பார்ட்னர்தான். அவனுடைய காதலரோ ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் துணைத்தலைவராக இருந்து, போன வருடம் 'பார்ட்னர்' பதவிக்கு உயர்ந்தவர். "என் பார்ட்னருக்கு இன்னிக்குக் கோவம்" என்று சின்னவன் சொன்னால், படகா வீடா என்று அம்மாவுக்குத் தெரியாது. 'கோவமா இருக்கான்' என்றால் படகு, 'இருக்காரு' என்றால் வீடு என்று விகுதியை வைத்துக் கண்டுபிடிக்கிறார். நல்ல இலக்கணம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நாத்தனார் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆங்கிலத்தில் 'பார்ட்னர்' ஏறக்குறைய 1300ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. அதன் மூத்த வடிவம் 'பார்சனர்'. தகப்பன் விட்டுப்போன நிலத்தில் பங்குள்ளவர் என்று பொருள். லத்தீனில் பிரித்தலைக் குறிக்கும் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. துண்டு, பகுதி என்ற பொருளில் 'பார்ட்' எல்லோர் வாயிலும் இருந்ததால், பார்சனர் பார்ட்னர் ஆயிற்று. பழைய வடிவமும் சாகவில்லை. நம் ஊர் வக்கீல்கள் 'கோபார்சனர்' என்கிறார்களே, அதுதான்: இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உள்ளவர். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் அந்த உரிமை உண்டு.

அப்படியானால் வேர்ப்பொருளுக்கு நேர்த் தமிழ் 'பங்காளி'. பகு என்பதிலிருந்து பங்கு, பங்கு உடையவர் பங்காளி. அச்சு அசலாகப் பொருந்துகிறது, அதனாலேயே இங்கே உதவாது. தமிழ்நாட்டுக் குடும்பத்தில் உறவு என்றால் ஒன்று பங்காளி முறை, இல்லையென்றால் மாமன் மச்சான் முறை. பெண் கொடுத்து எடுக்கிற பக்கம் மச்சான் பக்கம். பங்காளி பக்கம் அண்ணன் தம்பி. அங்கே கல்யாணப் பேச்சே கூடாது, வரப்புத் தகராறு மட்டும் உண்டு. காதலரைப் பங்காளி என்று பத்திரிகையில் போட்டால், வேலூர் சனம் முழுவதும் கோர்ட்டில் எந்த வழக்கு என்று கேட்கும். இங்கிலாந்தில் சொத்துப் பிரித்த சொல் மெல்ல மெல்லக் கட்டில் வரை நடந்துவிட்டது. நம் பங்காளி வாசல்படியிலேயே நின்றுவிட்டான். (பெங்களூரில் கன்னடக்காரரும் ஒருவரையொருவர் 'மச்சா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முறைப்படி பார்த்தால் இந்த ஊரே சம்பந்தி வீடு.)

'கூட்டாளி' பரவாயில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாளிதழ்கள் அதைக் கெடுத்துவிட்டன: ரவுடியும் கூட்டாளிகள் நால்வரும் கைது. 'பங்குதாரர்' தமிழ்ப் பங்கோடு பாரசீகத் 'தார்' ஒட்டிய சொல். நிறுவனத்துக்கு அதுவே போதும். 'ஜோடி' சினிமாவுக்கு.

'இணை' என்ற சொல்லைச் சின்னவனே எனக்குப் புரியவைத்தான். அல்சூர் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, கையில் இருந்த இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்துக் காட்டினான். இருவர் படகில் இரண்டு வகை. ஒன்றில் ஆளுக்கு இரண்டு துடுப்பு. இன்னொன்றில் ஆளுக்கு ஒரே துடுப்பு: ஒருவனுக்கு இடப்பக்கம், மற்றவனுக்கு வலப்பக்கம். அவன் வலிப்பது இரண்டாவது வகை. அதில் ஒருவன் பலசாலி என்று காட்டிக்கொண்டால் படகு திரும்பிவிடும். "ஜெயிக்கணும்னா அவன் வலிக்கிற அளவுக்குத்தான் நான் வலிக்கணும், நான் வலிக்கிற அளவுக்குத்தான் அவன்." பின்னால் உட்காருகிறவன் பார்ப்பது முன்னவன் முதுகை மட்டும். இருவருமே போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். 2000 மீட்டரும் அப்படியே. பழைய தமிழ் பைபிளில் இந்த வேலைக்குத் 'தண்டு வலித்தல்' என்று பெயர். வலி என்பது பலம், வலி என்பது நோவு, வலி என்பது இழு. துடுப்புக்காரனின் ஒரு நாள் முழுவதும் அந்த ஓர் எழுத்துக்கூட்டில் இருக்கிறது.

படகுப் பார்ட்னருக்கு இணை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கும் 'இணையர்' என்று எழுதலாம், பலரும் எழுதுகிறார்கள். சுயமரியாதைத் திருமணங்களில் 'இணையேற்பு' என்ற சொல்லும் உண்டு. ஆனால் இணை என்றால் சரிசமம், அளவெடுத்த சமம். இந்த இருவரில் ஒருவருக்கு இரண்டு கார், மற்றவனுக்கு ஷூ வாங்கவே அம்மா சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. படகாக இருந்தால் எப்போதோ வட்டமடித்திருக்கும்.

கன்னடத்தில் வாழ்க்கைத் துணையைப் 'பாள சங்காதி' என்கிறார்கள். அதே சங்காத்தம் நம்மிடமும் உண்டு. "உன் சங்காத்தமே வேண்டாம்" என்று பிரியும்போது மட்டும்தான் நமக்கு அது நினைவுக்கு வருகிறது.

மிஞ்சியது துணை. அகராதியைப் பிரித்தால் இந்த ஒரு சொல்லுக்குள் உதவி, நட்பு, இரண்டு, ஒப்பு, அளவு, கணவன், மனைவி எல்லாம் கிடக்கின்றன. 'அத்துணை' என்று அளவைச் சொல்கிறோமே, அதுவும் இதுதான். இருட்டில் கொல்லைக்குப் போகத் துணை, பரீட்சைக்குத் துணை, கடிதத்தின் தலையில் 'முருகன் துணை'. குறளில் 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரம் மனைவியைப் பேசுகிறது. ஆனால் சாகும்போதும் சாகாத துணை என்று அறத்தையும் அதே நூல் சொல்கிறது. சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. பங்கு பிரிக்கிற நினைப்பும் இல்லை, பக்கத்தில் நிற்பது மட்டும் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கருகே 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த வள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் இவர்கள் தினமும் நடக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. 'துணைவி' தமிழ்நாட்டு மேடைகளில் 'மனைவி அல்லாதவர்' என்ற வாசனை பிடித்துவிட்டது. துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று இரண்டாம் இடத்தையும் அது குறிக்கிறது. சின்னவனின் காதலரே என்னிடம், "பத்து வருஷம் துணைத்தலைவரா இருந்தேன். வீட்லயும் துணையா?" என்றார். சின்னவன் அவரிடம், "வீட்ல தலைவர் யாருன்னு அம்மாவைக் கேளுங்க சார்" என்றான். இன்னும் 'சார்' போகவில்லை.

'துணைவர்' என்று அர் விகுதி போட்டால் மரியாதையும் வந்துவிடும், வாசனையும் போய்விடும். அடையாளத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'தன்பாலீர்ப்பாளர்' இருக்கிறது. பழைய 'ஓரினச்சேர்க்கை' படுக்கையை மட்டும் பார்க்கிற சொல், அது தொலையட்டும். சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால் தமிழ்நாடு அரசு 2022இல் இத்தகைய சொற்களுக்கு ஒரு பட்டியலே அரசிதழில் வெளியிட்டது.

இவ்வளவு தேட வேண்டியிருப்பதற்குக் காரணம் சட்டம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து இவர்களை விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமை தர முடியாது என்றது. ஆகவே 'கணவர்' என்று எந்தத் தாளிலும் எழுத முடியாது. 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம், இப்படிப்பட்ட இருவர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாக்கவும் தடையில்லை என்று விளக்கியது. சின்னவன் படிவத்தைக் கொண்டுபோனான். கவுன்ட்டரில் இருந்தவர் 'உறவுமுறை' கட்டத்தைப் பேனாவால் தட்டி, "ஃபிரண்டுன்னு போட்டுக்கவா?" என்றாராம். இவன் வாங்கித் தானே 'துணைவர்' என்று எழுதினான். கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி எழுத்து வெளியே வந்துவிட்டது.

பத்திரிகைக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துச் சிவாஜி நகர் அச்சகத்திலிருந்து போன். "சார், மேல 'முருகன் துணை' இருக்கு, கீழயும் ஒரு துணை வருது. ஒண்ணை எடுத்துடவா?"

ரெண்டும் இருக்கட்டும் என்றேன்.