குப்தரிலிருந்து ‘கு’வை எடுத்துவிட்டால்

டைனோசர் காலத்தில் பறந்து திரிந்த ஊர்வன விலங்கான டெரோடாக்டைலை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஒரு ‘பி’ வருகிறதே, சொல்லாத எழுத்தை எழுதுவானேன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் அந்த ‘பி’யோடு பழைய கணக்கு உண்டு. பள்ளியில் பெரணித் தாவரப் பாடத்தை ‘ப்டெரிடோஃபைட்டா’ என்று வாய்விட்டு வாசித்தேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

‘பி’யும், டைகரில் வரும் ‘டி’யும் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் கிரேக்கச் சரக்கு. ‘ப்டெரான்’ என்றால் இறகு, சிறகு. ‘டாக்டைலோஸ்’ விரல். நீண்ட நான்காம் விரல்தான் அந்த விலங்கின் சிறகைத் தாங்கியது. 1809-ல் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் வைத்த பெயர் இது. பெரணி இலை இறகுபோல இருப்பதால் டெரிடோஃபைட்டா. கண்ணிமை தொங்கிப்போனால் டோசிஸ், அதாவது விழுதல். உமிழ்நீரில் இருக்கும் செரிமான நொதியான டயலினுக்கும் இதே ஊமை ‘பி’தான்.

சரி, ஏன் ஊமையானது? ‘குப்தர்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். சிரமமே இல்லை. இப்போது ‘கு’வை விரலால் மறைத்துவிட்டு மீதியைச் சொல்லிப் பாருங்கள். ஒன்று ‘பிதர்’ என்று வரும், இல்லாவிட்டால் ‘தர்’ மட்டும்தான் மிஞ்சும்.

உதடு மூடியிருக்கும் நேரத்தில் ‘ப்’ என்பது வெறும் நிசப்தம். ‘த்’தும் நிசப்தம்தான், ‘க்’கும் அப்படித்தான். எந்த நிசப்தம் எது என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? அக்கம்பக்கத்தை விசாரித்துத்தான். முன்னால் ஓர் உயிரொலி இருந்தால், உதடு மூட மூட அதன் அதிர்வெண்கள் சறுக்கும். அந்தச் சறுக்கல் ஒரு சாட்சி. உதடு திறக்கும்போது வெடிக்கும் காற்றும், அடுத்த உயிரொலியின் தொடக்கமும் இன்னொரு சாட்சி. ‘ப்த’ என்று தொடங்கும் சொல்லில் முன்னால் எதுவும் இல்லை, முதல் சாட்சி போச்சு. உதடு திறப்பதற்குள் நாக்கு பின்னால் பல்லை ஒட்டி வழியை அடைத்திருக்கும். வெடிப்பு பிசுபிசுத்து இரண்டாம் சாட்சியும் பலவீனமாகிவிடுகிறது. மெய் என்றும் உயிர் என்றும் நம் இலக்கணக்காரர்கள் பெயர் வைத்ததை நினைத்தால், ஒலியியல் ஆய்வகம் இல்லாமலே எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள் என்று மலைப்பாக இருக்கிறது. தனிமெய் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியமும் விதித்திருக்கிறது.

பழைய கிரேக்கர்கள் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் இன்றைய கிரேக்கப் பேச்சில் இறகு ‘ஃப்தெரோ’. ‘ஃப்’ தானே காற்றை உரசி ஒலி எழுப்பும், அதற்குச் சாட்சி வேண்டாம். ஜப்பானியர் வேறு ரகம்: 1999-ல் வெளியான, டூப்பூ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் குழுவின் ஆய்வில் ‘எப்ஸோ’ போன்ற சொற்களைக் கேட்ட ஜப்பானியர் காதில் நடுவே இல்லாத ‘உ’ ஒன்று விழுந்தது, பிரெஞ்சுக்காரர்களுக்கு விழவில்லை. ‘இஸ்கூல்’ என்று சொன்னவர்களைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆங்கிலேயரோ ‘ப்’பை விழுங்கிவிட்டு எழுத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பித்து முற்றி, 1684-ல் ராபர்ட் சிபால்ட் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், ஊர்ப்பேச்சில் ‘டார்மகன்’ ஆக இருந்த ஒரு பறவையின் பெயருக்கு முன்னாலும் கிரேக்க ‘பி’யை ஒட்டிவிட்டார். அதற்கும் ப்டெரானுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இன்றும் ஆங்கில அகராதியில் அது ‘பி’யில்தான் இருக்கிறது.

முன்னால் உயிர் கிடைத்தால் ஊமை பேசும். ஹெலிகாப்டரை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிரிக்கிறோமே, அது தவறு. ‘ஹெலிகோ’ சுருள், ‘ப்டெர்’ சிறகு. டெரோடாக்டைலின் அதே சிறகு. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1861-ல் உருவாக்கிய சொல். அதே ஆண்டில்தான் புதைபடிவமாகக் கிடைத்த ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸும் பெயர் பெற்றது, பழஞ்சிறகு என்ற பொருளில்.

உடல் செல்கள் திட்டமிட்டு மடிவதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர், இலை உதிர்வதுபோல. 1972-ல் அதைச் சூட்டிய மூவர், இமை நோயைப் போலவே இதிலும் இரண்டாவது ‘பி’யை உச்சரிக்க வேண்டாம் என்று கட்டுரையிலேயே குறிப்புப் போட்டார்கள். பலர் கேட்கவில்லை. முன்னால் ஓர் ‘ஓ’ நிற்கிறதே, வாய் சும்மா இருக்குமா?