பவர் ஐசி வரும்வரை போன் வராது

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம் போன் திருத்தும் ஒருவரிடம், போனில் அடிக்கடி பழுதாவது எது என்று கேட்டுப் பாருங்கள். டிஸ்பிளே, பற்றரி, சார்ஜிங் போர்ட் என்று தொடங்கி, கொஞ்சத்தில் பவர் ஐசிக்கு வந்துவிடுவார். விளம்பரங்களில் பெயர் அடிபடும் புரொசெசரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பற்றரியிலிருந்து வரும் ஏறக்குறைய 3.7 வோல்ற் மின்னை, புரொசெசருக்கு ஒரு வோல்ற்றுக்கும் குறைவாக, கமராவுக்கு ஒரு அளவாக, திரைக்கு இன்னோர் அளவாகப் பிரித்துக் கொடுப்பதுதான் பவர் ஐசியின் வேலை. நகத்தை விடச் சிறியது, விலையும் அதிகமில்லை. ஆனால் 2020 முடிவிலிருந்து 2022 வரை உலகத்தை ஆட்டிவைத்த சிப் தட்டுப்பாட்டில் போன் கம்பனிகளை அதிகம் தவிக்கவிட்ட பொருட்களில் இதுவும் ஒன்று.

தட்டுப்பாடு என்றதும் நாங்கள் நினைத்தது, உலகத்திலேயே செய்யக் கடினமான, அதிநவீன சிப்புகள் போதவில்லை என்றுதான். அதுவும் ஓரளவு உண்மை. ஆனால் ஒரு போனுக்குள் பல பத்து சிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வராவிட்டாலும் போனைப் பெட்டியில் போட முடியாது. எண்பது டொலர் புரொசெசர் கையில் இருந்தும், ஒரு டொலர் பவர் ஐசியோ திரையை இயக்கும் சிறு சிப்போ இல்லையென்றால் வேலை அங்கேயே நிற்கும். 5ஜி போன்கள் வந்தபோது இது இன்னும் இறுகியது. அவற்றுக்கு 4ஜி போன்களைவிட அதிகமான பவர் ஐசிகள் தேவைப்பட்டன.

சரி, குறைகிறதென்றால் கூடச் செய்தால் போயிற்று. ஏன் செய்ய முடியவில்லை? அதற்குச் சிப் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கவேண்டும்.

மிகத் தூய சிலிக்கனை உருக்கி, ஒரே படிகமாக வளர்த்து, மெல்லிய வட்டத் தட்டுகளாக அறுக்கிறார்கள். இவைதான் வேஃபர்கள். புதிய ஆலைகளில் ஒரு வேஃபரின் விட்டம் 300 மில்லிமீற்றர், பழைய ஆலைகளில் 200. தட்டின்மேல் ஒளிபட்டால் மாறும் ஒரு பூச்சைப் பூசி, சுற்றின் வடிவம் பொறித்த மறைப்பு ஒன்றினூடாக ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடம் ஒருவிதமாகவும் படாத இடம் இன்னொருவிதமாகவும் மாற, வேண்டாத பகுதியை அரித்தெடுத்து, அடுத்த படலத்தைப் படியவைத்து, கழுவி, மறுபடியும் பூச்சு, மறுபடியும் ஒளி. இப்படி அடுக்கடுக்காக, நவீன சிப் ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒரு வேஃபர் ஆலைக்குள் நுழைந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம். இன்று ஓடர் கொடுத்தவருக்கு, வரிசையே இல்லாவிட்டாலும், சிப் கைக்கு வருவது அடுத்த பருவத்தில்தான்.

ஒரு 300 மில்லிமீற்றர் வேஃபரில், சதுர சென்ரிமீற்றர் அளவான சிப்புகள் சுமார் 600 பிடிக்கும். அவ்வளவும் தேறாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தாலே அந்த இடத்துச் சிப் வீண். ஐந்தில் ஒன்று பழுதானால் அந்த 600 உடனே 480 ஆகிவிடும். ஆகவே ஆலை எத்தனை வேஃபர் இறக்குகிறது என்பதோடு, அதில் எத்தனை சிப் உயிரோடு வெளியே வருகிறது என்பதும் சேர்ந்ததுதான் அதன் உண்மையான கொள்ளளவு.

மேலே ‘கழுவி’ என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். எங்கள் கிணற்றுநீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. சிப் கழுவும் நீரில் அந்தக் கல்சியம் மட்டுமல்ல, வேறு எந்த உப்பும் அயனும் இருக்கக்கூடாது. கிட்டத்தட்ட வெறும் நீர் மூலக்கூறுகள் மட்டும். அதுவும் கொஞ்ச நஞ்சம் போதாது. உலகின் மிகப்பெரிய ஒப்பந்தச் சிப் உற்பத்தியாளரான தாய்வானின் டிஎஸ்எம்சி, 2019-ஆம் ஆண்டளவில் அங்குள்ள ஆலைகளில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 156,000 தொன் நீரைப் பயன்படுத்தியது. வடமராட்சி கிழக்கில் 2024-இல் திறந்த தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நாளாந்தக் கொள்ளளவு 24,000 கனமீற்றர், அதாவது 24,000 தொன். ஒரு கம்பனிக்கு மட்டும் ஆறரைத் தாளையடி! 2020-இல் தாய்வானின் கரையை ஒரு சூறாவளியும் தொடவில்லை. மழை பொய்த்தது. 2021-இல் அரை நூற்றாண்டில் காணாத வறட்சி. அரசாங்கம் பெருமளவு வயல்களுக்கான பாசனநீரை நிறுத்தி, விவசாயிகளுக்கு நட்டஈடு கொடுத்தது. சிப் ஆலைகள் பவுசர்களில் நீர் வாங்கின. நெல்லா சிப்பா என்ற கேள்வி எழுந்தபோது ஓர் அரசாங்கம் எதைத் தேர்ந்தது என்பது எனக்கு அந்த வறட்சியைவிட முக்கியமான செய்தியாகப் பட்டது.

அடுத்தது ஒளி பாய்ச்சும் இயந்திரம். மிக நுண்ணிய சுற்றுகளை வரைய 13.5 நானோமீற்றர் அலைநீளமுள்ள அதிதீவிர புறஊதா ஒளி வேண்டும். இந்த ஒளியைக் காற்றும் உறிஞ்சும், கண்ணாடி வில்லையும் உறிஞ்சும். அதனால் இயந்திரத்தின் உட்பகுதி முழுதும் வெற்றிடம். வில்லைகளுக்குப் பதிலாக, ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் செய்யும் தெறிகண்ணாடிகள். இந்த ஒளியை உண்டாக்கும் விதம் இன்னும் விசித்திரம். உருகிய வெள்ளீயத்தைத் துளிகளாக, செக்கனுக்கு 50,000 வீதம் விழவிடுகிறார்கள். விழும் ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை அடிக்கும். முதல் அடியில் துளி தட்டையாகும். இரண்டாவதில் சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடான பிளாஸ்மாவாக வெடித்து, அந்த ஒளியைக் கக்கும். இந்த இயந்திரத்தை உலகத்தில் செய்வது ஒரேயொரு கம்பனி, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். ஒன்றின் எடை ஏறக்குறைய 180 தொன், விலை 150 மில்லியன் டொலருக்கு மேல். 2020-இல் அவர்களால் அனுப்ப முடிந்தது 31, 2021-இல் 42. உலகம் முழுவதற்கும் வருடத்தில் அவ்வளவுதான். எவ்வளவு காசு வைத்திருந்தாலும் நாற்பத்துமூன்றாவது இயந்திரத்துக்கு அடுத்த வருடம்வரை காத்திருக்கவேண்டும்.

நவீன ஆலை ஒன்றைக் கட்டி இயக்க 15, 20 பில்லியன் டொலர் வரை போகிறது. 2023-இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு நான்கு வருடத்தில் தருவதாக ஒப்புக்கொண்டது சுமார் 3 பில்லியன். ஆலைச் செலவில் பெரும்பகுதி இயந்திரங்களுக்கே. அவை சில வருடங்களிலேயே பழசாகிவிடும் என்பதால், வாங்கிய நாளிலிருந்து இரவு பகலாக ஓடினால்தான் முதல் திரும்பும். எனவே ‘தேவைப்பட்டால் பார்க்கலாம்’ என்று ஒரு வரிசை இயந்திரத்தை எவரும் சும்மா வைத்திருப்பதில்லை. நல்ல காலத்திலேயே ஆலைகள் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவில் ஓடுகின்றன. திடீரென்று தேவை ஒரு பத்து வீதம் கூடினால் அந்தப் பத்து வீதத்தைச் செய்ய இடமே இல்லை. புது ஆலை கட்டலாம். டிஎஸ்எம்சி அரிசோனாவில் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது 2020 மே மாதம். அங்கே முழு அளவில் உற்பத்தி தொடங்கியது 2024 கடைசியில்.

ஓர் ஆலையில் இடமில்லையென்றால் இன்னோர் ஆலைக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். குவால்கொம், மீடியாரெக், அப்பிள் ஆகியவை சிப்பை வடிவமைப்பதோடு சரி. செய்வது வேறு ஆட்கள். ஆனால் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனிச் செய்முறை உண்டு. ஓர் ஆலைக்காக வரைந்த சிப்பை இன்னோர் ஆலையில் செய்ய, வடிவமைப்பின் பெரும்பகுதியைத் திரும்பச் செய்து, திரும்பச் சோதித்துப் பார்க்கவேண்டும். வருடக்கணக்கான வேலை.

இப்போது பவர் ஐசிக்கு வருவோம். அதற்கு வெள்ளீயத் துளியும் வேண்டாம், அதிதீவிர ஒளியும் வேண்டாம். அது பெரும்பாலும் 200 மில்லிமீற்றர் வேஃபர் ஓடும் பழைய ஆலைகளில் செய்யப்படுவது. அங்கே இயந்திரங்களுக்குப் போட்ட காசை எப்போதோ உழைத்து எடுத்தாயிற்று, அதனால்தான் சிப் மலிவு. அந்த மலிவே பிறகு பொறியாகிவிட்டது. அதே சிப்பைச் செய்யப் புது ஆலை கட்டினால் போட்ட காசு எடுபடாது. ஆகையால் எவரும் கட்டவில்லை. பழைய வகை இயந்திரங்களைச் செய்வோரும் குறைந்துவிட்டார்கள். கொள்ளளவைக் கூட்ட விரும்பியவர்கள் செகண்ட்ஹான்ட் இயந்திரம் தேடி அலைந்தார்கள். முதலீடெல்லாம் உச்சியில் குவிய, அடித்தளம் பத்து வருடமாக அப்படியே இருந்தது.

அந்த நிலையில்தான் கொரோனா வந்தது. 2020 தொடக்கத்தில் கார்க் கம்பனிகள் விற்பனை விழும் என்று பயந்து சிப் ஓடர்களை வெட்டின. வீட்டில் அடைபட்டவர்களோ லப்டொப்பும் டப்லெட்டும் போனும் வாங்கினார்கள். கார்கள் விட்ட இடத்தை இவை பிடித்துக்கொண்டன. சில மாதத்தில் கார் விற்பனை மீண்டபோது வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. அதே வருடம் செப்டெம்பர் 15-இல், சிப் வாங்கவிடாத அமெரிக்கத் தடை இறுகுவதற்கு முன், சீனப் போன் கம்பனியான ஹுவாவே கிடைத்த சிப்பையெல்லாம் வாங்கிக் குவித்தது. ஹுவாவே விடப்போகும் சந்தையைப் பிடிக்க மற்றப் போன் கம்பனிகளும் ஓடரைக் கூட்டின. இதற்குமேல் விபத்துகள்: 2021 பெப்ரவரியில் ரெக்சாஸ் பனிப்புயலில் மின் போய் ஒஸ்ரின் நகரத்து ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானின் ரெனேசாஸ் என்ற கம்பனியின் சிப் ஆலையில் தீ.

அந்த வருடம் சாம்சுங் புது கலக்சி நோட் எதையும் வெளியிடவில்லை. தானே சிப் செய்யும் கம்பனியே வெளியார் சிப்புகளுக்காகத் தவித்தது. செப்டெம்பரோடு முடிந்த காலாண்டில் வழங்கல் சிக்கலால் 6 பில்லியன் டொலர் விற்பனையை இழந்ததாக அப்பிள் சொன்னது. வரிசையில் முதலில் நிற்கும் வாடிக்கையாளருக்கே அந்தக் கதி.

எங்களுக்கு இங்கே அந்தத் தட்டுப்பாடு தனியாகத் தெரியவே இல்லை. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, கைத்தொலைபேசி உட்பட 623 வகை இறக்குமதிகளுக்கு முழுத்தொகையையும் முன்கூட்டியே வைப்பிலிடவேண்டும் என்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. யாழ்ப்பாணத்துக் கடையில் போன் விலை ஏறியதற்கு நாங்கள் ரூபாயைத் திட்டினோம். அது சரியும்தான், பெரிய பங்கு அதனுடையதே. தாய்வானில் நின்ற வரிசையின் பங்கு அதற்குள் மறைந்துபோனது.

பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள வலிகாமத்துச் சின்ன வெங்காயமே போதும். விலை ஏறிய போகத்தைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள், எல்லோருடையதும் ஒன்றாகச் சந்தைக்கு வரும், விலை விழும். சிப்பிலும் அப்படித்தான். பயத்தில் ஒன்று வேண்டியவர் இரண்டுக்கு ஓடர் கொடுத்தார், ஆலைகள் அந்த ஓடரை உண்மையான தேவை என்று நம்பின. 2022 பிற்பாதியில் போன் விற்பனை சரிய, களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. நினைவகச் சிப் கம்பனிகள் 2023-இல் பெரும் நட்டத்தோடு உற்பத்தியைக் குறைத்தன. வெங்காயக்காரர் அடுத்த போகத்தில் புகையிலைக்கு மாறலாம், இவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

அந்தக் குறைப்பின் பின்விளைவும் சேர்ந்துதான் 2025 இறுதியிலிருந்து இன்னொரு தட்டுப்பாடாகக் கிளம்பியிருக்கிறது. இம்முறை பவர் ஐசி அல்ல, ராம் (RAM), அதாவது போன் ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டிய தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகச் சிப். உலகத்தின் ராம் சிப்புகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூவர். செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு இவர்கள் செய்யும் எச்பிஎம் என்ற நினைவகத்தில் ராம் சிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு, பன்னிரண்டு என்று அடுக்கி இணைக்கிறார்கள். ஒரே அளவு நினைவகத்துக்கு அது சாதாரண ராமைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபரைத் தின்கிறது. இலாபமோ எக்கச்சக்கம். ஆகவே போனுக்குப் போகவேண்டிய வேஃபர், அந்தக் கணினிகள் இருக்கும் தரவு மையத்துக்குப் போகிறது. 2025 டிசெம்பரில் மைக்ரோன், சாதாரண பாவனையாளருக்கு ராம் விற்றுவந்த தன் குருஷல் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது.

விலை உயர்ந்த போனில் ராமின் பங்கு சிறியது, கம்பனி தாங்கிக்கொள்ளும். நாற்பது ஐம்பதாயிரம் ரூபாப் போனில் அப்படியல்ல. அங்கே இலாபமே மெல்லியது. ஒன்றில் விலையை ஏற்றவேண்டும், அல்லது ராமைக் குறைக்கவேண்டும். இரண்டாவது வழி வாங்குபவர் கண்ணில் இலகுவில் படாது. பெயர் அதே பெயராகவும் நிறம் புதிதாகவும் இருக்கும், 8 ஜிபி இருந்த இடத்தில் 6 அல்லது 4 இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பதைக் காசு கொடுக்கமுன் வாசித்துவிடுவது நல்லது. மைக்ரோன் ஐடஹோவில் கட்டும் புது ஆலையின் முதல் வேஃபர்களே 2027 நடுப்பகுதியில்தான் வரும் என்கிறது அந்தக் கம்பனி.